ஜெயபேரிகைச் சபை கன்னையாவுக்கு நேரம் பார்த்த கதை

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ஜெயபேரிகை உதைபந்துச் சபையில் பந்து ஆடுகிறவர்கள் பதினொரு பேர். அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்கும் மேலே. ஆடுகிறவர்களில் ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் ஆட்டம் பத்துப் பேரோடு நடக்கும். பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தொண்டை கட்டினால் கூட்டம் நடக்காது, ஒத்திவைத்துவிடுவார்கள்.

இது இராஜம்மாவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சபைக்கு வடை போடுகிறவள் அவள்தான். தகரக் கூரை மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு, அதில் அடுப்பு. அடுப்புக்கும் கமிட்டிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் எண்ணெய் சத்தம், அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். இரண்டையும் ஒரே காதால் கேட்டுக்கொண்டு அடுத்த ஈடு போடுவாள். தலைவர் பேசுவதற்கு முன்னால் ஒரு ஈடு, பேசி முடித்ததும் ஒரு ஈடு. இரண்டாவது ஈடு உள்ளே போகாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. அது சபை ஆரம்பித்த நாள் முதல் உள்ள வழக்கம். எழுதிவைக்காததால் அதை மட்டும் யாரும் மீறியதில்லை.

சபையில் இடது பக்கம் ஓடுகிறவன் கன்னையா, இராஜம்மாவின் தம்பி. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது அம்மாவின் இடுப்பில் இருந்தவன். அம்மாவும் அப்பாவும் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சலில் போனபிறகு, அக்காவின் இடுப்புக்கு வந்தவன். இராஜம்மாவுக்குப் புருஷனும் தங்கவில்லை, பிள்ளையும் இல்லை. ரயில்வேயில் கன்னையாவுக்குக் கூலி வேலை, வேலைக்கு ஒரு குவாட்டர்ஸ் அறை. அந்த அறையில் இவர்கள் இரண்டு பேர். உலகத்தில் அவர்களுக்கு இருந்தது அவ்வளவுதான்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள், ரோட்டு வேலையில் குறைத்தார்கள், ரயில்வேயிலும் குறைக்க ஆரம்பித்தார்கள். வேலை போனவனைப் போர்ட் சுவெட்டன்ஹாம் டிப்போவில் கொண்டுபோய் வைத்து, கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். டிக்கெட் இலவசம். ஜனங்கள் அழுதுகொண்டே வாங்கிய இலவசம் அது ஒன்றுதான்.

ஆனால் ரயில்வே துரைக்குப் பந்தாட்டத்தில் பைத்தியம். ஜெயபேரிகைச் சபை எவனோடு கண்டிராக்டு வைத்திருக்கிறதோ அவன் மேல் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கண்டிராக்டு வருஷத்துக்கு ஒன்று. கன்னையாவுடையது ஆடி மாதக் கடைசியில் முடிகிறது. சபை கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் கப்பல். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றுதான் இராஜம்மா நினைத்தாள்.

சித்திரை மாதத்திலேயே விஷயம் கமிட்டிக்கு வந்துவிட்டது. காரியதரிசி ராதாகிருஷ்ணன் எழுந்தார். ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. கோட்டு போடாமல் அவரால் யோசிக்க முடியாது.

"கண்டிராக்டை நீட்ட வேண்டும் என்பதில் நமக்குள் அபிப்பிராய பேதமே கிடையாது," என்றார். "எப்போது நீட்டுவது என்பதுதான் கேள்வி. சீக்கிரம் நீட்டினால், இனிமேல் எதற்கு ஓட வேண்டும் என்று பையன் நின்றுவிடுவான். தாமதித்து நீட்டினால், முன்னாலேயே ஏன் நீட்டவில்லை என்று நம்மைக் கேட்பார்கள். சீக்கிரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல் நடுவில் ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளையைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம்."

கைதட்டல் தகரத்தில் மழை பெய்த மாதிரி கேட்டது. இராஜம்மாவுக்கும் நியாயமாகத்தான் பட்டது. படித்தவர்கள், பார்த்துச் செய்வார்கள் என்று இரண்டாவது ஈட்டில் ரெண்டு கறிவேப்பிலை கூடுதலாகக் கிள்ளிப் போட்டாள்.

அடுத்த வாரம் கிள்ளான் குழுவோடு ஆட்டம். கன்னையா தனியாளாக ஓடிப்போய் கோல் போட்டான். ஜனங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதைவிட நல்ல நேரம் எது வரப்போகிறது என்று இராஜம்மா நினைத்தாள். கமிட்டி அப்படி நினைக்கவில்லை. இந்தச் சூட்டோடு நீட்டினால் ஒரு கோலுக்காக நீட்டினார்கள் என்று ஆகிவிடும், சபைக்கு அது கௌரவம் இல்லை, கொஞ்சம் ஆறட்டும் என்றார்கள். ஆறியது. அடுத்த ஆட்டத்தில் கன்னையாவால் கோல் போட முடியவில்லை. கோல் போடாதவனுக்கு எந்த முகத்தோடு நீட்டுவது என்றார்கள்.

அப்போதுதான் உபதலைவர் தம்புசாமி எழுந்து வழி சொன்னார். மளிகைக் கடைக்காரர், எதையும் தராசில் வைத்துப் பார்க்கிறவர். கோல் போட்டாலும் சிக்கல், போடாவிட்டாலும் சிக்கல் என்றால், பையன் நன்றாகவும் ஆடாமல் மோசமாகவும் ஆடாமல் ஒரு ஆட்டம் ஆடட்டும், அதை வைத்து முடிவு செய்வோம் என்றார். அதை மேற்பார்வை செய்யக் காலநிர்ணய உபகமிட்டி ஒன்று ஏற்பட்டது. அவரே தலைவர்.

உத்தரவைக் கன்னையாவிடம் கொண்டுவந்தவன் குழுவின் கேப்டன் வாசு. சாய்ப்பில் நின்று வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னான்.

"இந்த வாரம் நல்லாவும் ஆடாதே, மோசமாவும் ஆடாதே. கமிட்டி சொல்லுது லா."

"அப்போ எப்படிண்ணே ஆடறது?"

"கமிட்டி மாதிரி ஆடு. ஓடற மாதிரி இரு, போய்ச் சேர்ந்துடாதே."

சாலாக் செலாத்தான் குழுவோடு ஆட்டம். இராஜம்மா மைதானத்தில் ஆற்றோரம் பெண்டுகள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தாள். கன்னையா பாதி வேகத்தில் ஓடினான். பாதி வேகத்தில் ஓடியும் ஒரு தரம் பந்து அவன் காலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. எதிரே கோல்காரனைத் தவிர ஆள் இல்லை. கன்னையா பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நின்று, கமிட்டி நாற்காலிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அங்கே தலைவர் நாச்சியப்பன் செட்டியாரின் முதுகுதான் தெரிந்தது. அவர் எப்போதும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஜனங்களுக்குத் தலைவரின் முகம் தெரிய வேண்டுமே.

துரத்தி வந்தவர்களும் இது என்ன தந்திரமோ என்று பயந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் சாலாக் செலாத்தான் கோல்காரனே கேட்டான்: "அண்ணே, போடறதா இருந்தா போடுங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

கன்னையா போடவில்லை.

அப்படி நின்றது நல்ல ஆட்டமா மோசமான ஆட்டமா என்பதில் கமிட்டி பாதிக்குப் பாதி பிரிந்தது. தலைவர் முடிவு சொல்ல வேண்டும் என்றார்கள். செட்டியார் எழுந்து, ஆட்டத்தை ஒரு கண்ணாலும் பார்க்காத ஒரே ஆள் தான் என்பதால் தன்னைவிட நடுநிலையானவர் யாரும் இருக்க முடியாது என்றும், அந்த நடுநிலையைக் கடைசிவரை காப்பாற்றப் போவதாகவும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது ஈடு உள்ளே போயிற்று. ஒத்திவைத்தார்கள்.

வைகாசி போய் ஆனி வந்தது. பக்கத்து குவாட்டர்ஸில் இரண்டு குடும்பம் காலி செய்துகொண்டு டிப்போவுக்குப் போனது. அவர்கள் விட்டுப்போன கோழி ஒன்று இராஜம்மாவின் வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

காரியதரிசிக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்தது. தீர்மானத்தில் "இளம் ஆட்டக்காரர்" என்று இருக்கிறது. கன்னையா இளம் ஆட்டக்காரர்தானா? இளமை கடந்தவனாக இருந்தால், இத்தனை நாள் பேசியது முழுவதும் செல்லாது, முதலிலிருந்து பேச வேண்டும். அக்காளைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றார்கள். இராஜம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதல்முறையாகப் போய் நின்றாள்.

"இந்தாம்மா, உன் தம்பி பிறந்தது எப்போ?"

"தேதி தெரியாதுங்கய்யா. கிள்ளான் ஆத்துல வெள்ளம் வந்து கோயில் கொடிக்கம்பம் சாஞ்சுதே, அந்த வருஷம் நடக்கப் பழகினான்."

சொல்லியிருக்கவே கூடாது. தம்புசாமி உடனே, கொடிக்கம்பம் இரண்டு வெள்ளத்தில் சாய்ந்தது, இவள் சொல்வது முதல் வெள்ளமா இரண்டாவது வெள்ளமா என்றார். முதல் வெள்ளமென்றால் பையன் கொஞ்சம் முற்றல். இரண்டாவதென்றால் பிஞ்சு. இராஜம்மாவுக்கு ஒரு வெள்ளம்தான் தெரியும். அதில் அவர்கள் வீடு போனது, அதனால் அடுத்த வெள்ளத்தை அவள் கவனிக்கவில்லை. இதைச் சொல்லலாமா என்று அவள் யோசிப்பதற்குள், வெள்ளத்தை நேரில் விசாரிக்கக் காலநிர்ணய உபகமிட்டி கிள்ளானுக்குப் போவதாக முடிவாகிவிட்டது.

போனார்கள். ரயிலில் போய், கிள்ளான் பாசாரில் ஒரு செட்டிநாட்டுச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றில் தற்சமயம் வெள்ளம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். சபை அறிக்கையை ஏற்றுக்கொண்டது.

ஆனால் கிள்ளானில் வேறொரு காரியம் நடந்திருந்தது. கன்னையாவிடம் கோல் வாங்கிய அதே கிள்ளான் குழுக்காரர்கள் சாப்பாட்டுக் கடைக்கே வந்து, உங்களுக்கு அந்தப் பையனை வைத்துக்கொள்ள யோசனையாக இருந்தால் எங்களுக்குக் கொடுங்கள், துறைமுகத்தில் வேலை வாங்கித் தருகிறோம், ஜெயபேரிகைச் சபைக்கு அவன் வேண்டாம் என்று ஒரு வரி மட்டும் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்களாம். தடுப்புக்குப் பின்னால் இராஜம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அகப்பையை வைத்துவிட்டு மாரியம்மனை நினைத்துக்கொண்டாள்.

காரியதரிசி சொன்னார்: "வேண்டாம் என்று எப்படி எழுதுவது? நமக்கு அவன் வேண்டும் அல்லவா?"

யாரோ ஒருவர், அப்படியானால் வேண்டும் என்றே எழுதிவிடலாமே என்றார். புதிய அங்கத்தினர், பாவம்.

"வேண்டும் என்று எழுதினால் அது நீட்டிப்பு ஆகிவிடும். நீட்டிப்புக்கு இன்னும் வேளை வரவில்லையே."

அந்தப் புதியவர் உட்கார்ந்தார், அதன்பிறகு எழுந்ததில்லை. கிள்ளான்காரனே வந்து கேட்கும் அளவுக்கு ஒரு பையனை உருவாக்கியதற்காகக் கமிட்டி தன்னைத்தானே பாராட்டிக்கொண்டது. கன்னையா நினைத்தால் பேசாமல் கிள்ளானுக்கு ஓடிப்போயிருக்கலாம். ஆனால் சபையின் ஒரு வரி இல்லாமல் அவனைச் சேர்த்தால் தங்கள் குழுவையே ஆட்டத்திலிருந்து தள்ளிவைப்பார்கள் என்று கிள்ளான்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு கமிட்டி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராஜம்மா உளுந்து ஊறப்போடவில்லை. அடுப்பை மூட்டி வெறும் கோப்பி மட்டும் கொடுத்தனுப்பினாள். பசித்தால் சீக்கிரம் முடிப்பார்கள் என்று ஒரு கணக்கு. உள்ளே கோப்பியைக் குடித்து முடித்தார்கள். பிறகு காரியதரிசி எழுந்து, முதல் ஈடு வராததால் தலைவர் பேச இயலவில்லை, இரண்டாவது ஈடு வராததால் தீர்மானம் கொண்டுவர இயலவில்லை, இந்நிலையில் கன்னையா விஷயத்தில் கமிட்டி செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் உண்மையான வருத்தம். சாய்ப்பு வழியாகப் போகும்போது அவரே நின்று, "உன் தம்பி காரியத்துக்கு நீயே குறுக்கே நிக்கலாமா இராஜம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு அவள் ஒவ்வொருவர் வீடாகப் போனாள். இதுதான் அவளுக்குக் கடைசிவரை விளங்காமல் போனது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் தங்கமான மனுஷர்கள். தம்புசாமி கடையில் அவளை உட்காரச் சொல்லி, பையனை அனுப்பினால் பாவம், இன்றைக்கே நீட்டலாம் என்றார். காரியதரிசியின் சம்சாரம் அழுதே விட்டாள். செட்டியார் தம் வட்டிக்கடைக் கிட்டங்கியில் ஒட்டுத்திண்டில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"இதென்ன ஆத்தா, பெரிய காரியமா? என் கையிலே விட்டிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்."

"நீங்கதானேங்க தலைவரு? இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கய்யா."

செட்டியாருக்குச் சிரிப்பு வந்தது. "நான் தனியா முடிக்காம இருக்கத்தானே ஆத்தா கமிட்டின்னு ஒண்ணு வச்சிருக்கு? நான் போட்டா தம்புசாமிக்கு மனசு வருத்தம். தம்புசாமி போட்டா கிராணிக்கு வருத்தம். ஒருத்தரும் போடலைன்னா யாருக்கும் வருத்தம் இல்லை பாரு."

இராஜம்மா வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மறந்துபோயிற்று.

ஆடி முடிந்தது. மறுநாள் காலையில் ரயில்வேயில் கன்னையாவின் பேரைக் கூப்பிடவில்லை. துரை ஒன்றும் கெட்டவர் இல்லை, சபை நீட்டியிருந்தால் சந்தோஷமாக வைத்திருப்பேன் என்று சொல்லியனுப்பினார். அடுத்த கப்பலுக்கு டிப்போவில் ஆஜராக வேண்டும். அவனுடைய பெண்டாட்டி பிள்ளை இருந்தால் கூட வரலாம். அக்காளைக் குடும்பத்தில் சேர்ப்பதில்லையாம்.

அன்று சாயங்காலம் இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அறையைச் சனிக்கிழமைக்குள் விட வேண்டும்.

"அக்கா, அங்க நமக்கு யாரு இருக்கா?"

"சித்தப்பா ஒருத்தர் இருந்தாரு."

"பேரு?"

அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே கோழிக்கு அரிசி போட்டாள். "சித்தப்பான்னுதான் கூப்பிடுவோம்," என்றாள்.

"ஊரு பேராவது ஞாபகம் இருக்கா? டிப்போவுல கேப்பாங்களாம்."

ஊர்ப் பேரைச் சொன்னாள். கன்னையா அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான், வேறு பாஷையில் பாட்டுக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி.

சபை சும்மா இருக்கவில்லை. கன்னையாவுக்கு வழியனுப்பு உபசாரம் நடத்துவது என்று ஒரே கூட்டத்தில், ஒரு ஈட்டிலேயே, ஏகமனதாக முடிவு செய்துவிட்டது. இராஜம்மா அதுவரை கமிட்டி எதையும் இவ்வளவு வேகமாக முடித்துப் பார்த்ததில்லை. தோரணம் கட்டினார்கள். போட்டோ பிடிக்கிற சீனனை வரவழைத்தார்கள். உபசாரத்துக்கு வடை அவளே போட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள், வேறு யார் கையில் போட்டாலும் கன்னையாவுக்குப் பிடிக்காதாம். போட்டாள்.

செட்டியார் மாலை போட்டார். காரியதரிசி கோட்டுப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"சபை எந்த வேளையைத் தேடிக்கொண்டிருந்ததோ, அந்த வேளை இன்று வந்துவிட்டது," என்றார். தடுப்புக்குப் பின்னால் இராஜம்மாவுக்கு எண்ணெய்ச் சத்தம் கூடக் கேட்கவில்லை. "இன்று நீட்டினால் பையனுக்குத் தலைக்கனம் வரும் என்ற பயம் இல்லை, அவன் இங்கே இருக்கப்போவதில்லை. தாமதித்தோம் என்று யாரும் கேட்கவும் முடியாது, இதோ, கப்பலுக்கு முன்னாலேயே நீட்டிவிட்டோம். ஒரு வருஷம் அல்ல. மூன்று வருஷம். அவன் மலாயாவுக்குத் திரும்பி வரும் தேதியிலிருந்து அமலுக்கு வரும்."

இத்தனை பெரிய கைதட்டல் அந்தத் தகரக் கூரை கேட்டதில்லை. தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், எந்தப் பேனாவுக்கும் மை வற்றவில்லை. கன்னையா காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டான். அவனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முகம் ஒரு மாதிரி இருந்தது.

பிறகு போட்டோ. கமிட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தது. செட்டியார் மடியில் பந்து. பின்னால் கட்டிய நீலத் துணி ஆற்றுக் காற்றில் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. கம்பை யாராவது பிடித்துக்கொண்டால் தேவலை என்றான் சீனன். உயரமான ஆள் வேண்டும். அங்கே கன்னையாவைவிட உயரம் யாரும் இல்லை. மாலையோடு துணிக்குப் பின்னால் போய் நின்று கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். படம் நன்றாக விழுந்தது.

திங்கட்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம். டிப்போ வாசல் வரைக்கும் இராஜம்மா போனாள். மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிராணி ஒருவர் கன்னையாவைக் கேட்டார்: "இங்கே வேலை ஏதாவது இருக்கா உனக்கு?"

இராஜம்மா முந்திக்கொண்டாள். "இருக்குங்கய்யா. மூணு வருஷத்துக்கு இருக்கு. காட்டுடா தம்பி."

கிராணி காகிதத்தை ஒழுங்காக, கடைசிக் கையெழுத்து வரை படித்தார். மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல கண்டிராக்டும்மா. திரும்பி வந்ததும் ஆரம்பிக்குது. போனாத்தானே திரும்பி வர முடியும்? பையனை விடு."

விட்டாள்.

அறை போய்விட்டது. சபை பெருந்தன்மையோடு சாய்ப்பிலேயே படுத்துக்கொள்ள அவளை அனுமதித்தது, அடுப்புக்கும் ஒரு காவல் ஆயிற்று. கோழியும் கூட வந்தது. படத்தைக் கண்ணாடி போட்டுத் தலைவர் நாற்காலிக்கு மேலே மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஈடு கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் இராஜம்மா அதன் கீழே ஒரு நிமிஷம் நிற்பாள். துணியின் மேல் ஓரத்தில், கம்பைச் சுற்றி, நான்கு விரல் விழுந்திருந்தது.

கோல் போடும் இன்னொரு பையன் கிடைத்திருந்தான். அவனுக்கு எப்போது நீட்டுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"என்ன இராஜம்மா, அங்கேயே நின்னுட்டே?" என்றார் காரியதரிசி.

"ஒண்ணுமில்லைங்கய்யா," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஈடு போடப் போனாள்.